கனம் ஏறட்டும்

குளியலறை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் விழுந்து கிடந்தோம்.

நான் அடியில். என் கணவர் என்மேல் பாதி, தரையில் பாதி. என் முழங்கை அவருடைய விலாவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்து நழுவிய பிளாஸ்டிக் மக்கு உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

காலை ஏழு மணி இருக்கும். மில் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம். சோப்புத் தண்ணீரின் ஈரம் என் முதுகில் சில்லென்று ஏறியது.

"அடி பட்டுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. உங்களுக்கு?"

"இடுப்புக்குக் கீழ பட்டிருந்தா நாளைக்குத்தான் தெரியும்."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

"முருகையனைக் கூப்பிடு" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

"கூப்பிடறேன். கொஞ்சம் இருங்க."

உடனே கூப்பிட மனம் வரவில்லை. அந்த ஈரத்தில் கிடந்தபடியே மேலே பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இவர் அறுபத்தெட்டு கிலோ ஆள். என் எடை நாற்பத்தொன்று. இவர் விழுந்த வேகத்துக்கு நான் நசுங்கியிருக்க வேண்டும். நசுங்கவில்லை. என்மேல் கிடந்தது சதையே இல்லை. தோள் எலும்பும் இடுப்பு எலும்பும்தான் குத்தின.

இந்த மனுஷன் எப்போது இப்படி இளைத்தார்?

ஏணி சரிந்த ஞாயிறு

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

என் கணவர் ஏழுமலை எலக்ட்ரீஷியன். அவருடைய அப்பா மில்லில் தறி ஓட்டியவர். மில் படுத்துக்கொண்டே வந்த காலத்தில் வளர்ந்ததால், இவர் சின்ன வயதிலேயே ஒயர் கட்டரைக் கையில் எடுத்துவிட்டார். கல்யாண மண்டபங்களில் சீரியல் லைட் போடுவதில் கெட்டிக்காரர். நான் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். முதலியார்பேட்டையில் வீடு. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தின் முகப்பில் லைட் கட்டப் போனவர், ஏணி சரிந்து சிமெண்டுப் படியில் விழுந்தார். முதுகுத்தண்டின் கீழ்ப்பக்கம் அடி. ஆபரேஷன் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் இருந்தோம். "மூத்திரம் வர்றது தெரியுது, அடக்க முடியுது. அதுவே பெரிய அதிர்ஷ்டம்மா" என்றார் டாக்டர். காலில் அங்கங்கே உணர்ச்சி இருந்தது. நிற்க மட்டும் முடியவில்லை.

அந்தக் கதையைப் போன வாரமே எழுதிவிட்டேன். இந்த வாரம் அதற்குப் பின்னால் நடந்தது.

இரண்டு பட்டினிகள்

அடுத்த வீட்டு முருகையன் ஆட்டோ ஓட்டுபவர். தங்கமான மனிதர். காலையில் ஸ்டாண்டுக்குப் போகும் முன் தன் தம்பியோடு வருவார். ஒருவர் தோள் பக்கம், ஒருவர் கால் பக்கம். கட்டிலிலிருந்து தூக்கி, குளியலறையில் போட்டிருந்த ஓட்டை நாற்காலியில் உட்கார வைப்பார்கள். முடிந்ததும் மறுபடி தூக்கிக் கொண்டுவந்து படுக்க வைப்பார்கள். "அதனால இன்னாண்ணே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார் முருகையன்.

தூக்கும்போது என் கணவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார்.

விழுந்த அன்றைக்கு முருகையனுக்கு ஒரு ரயில்வே ஸ்டேஷன் சவாரி, சீக்கிரமே போய்விட்டார் என்று நினைத்துத்தான் நானே தூக்கப் பார்த்தேன். அவர் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குரல் கொடுத்ததும் ஓடிவந்து இரண்டு பேரையும் பிரித்து எடுத்தார்.

அவர் போன பிறகு கட்டிலருகில் உட்கார்ந்து கேட்டேன்.

"காலையில ரெண்டு இட்லி வெச்சுட்டுப் போறேனே, சாப்பிடறீங்களா இல்லையா?"

"பாதி."

"மத்தியானச் சோறு?"

ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"ஏங்க?"

"சாப்பிட்டா போவணும். போவணும்னா அவங்க வரணும்." குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு நாளைக்கு ஒரு தடவைன்னா பரவால்ல விஜயா. தெனம் வேணாம்."

சாப்பாட்டைக் காக்காய்க்கு வைத்துக்கொண்டிருந்தார். படுத்தபடியே ஜன்னல் வழியாக எறிவது. ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்தேன். வேப்ப மரத்தடியில் காய்ந்த பருக்கைகள் வெள்ளையாகக் கிடந்தன.

எனக்குக் கோபம் வரவில்லை. ஏனென்றால் நானும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. அவர் இப்படிக் கிடக்கும்போது தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ராத்திரியில் ஒரு டீயும் ரெண்டு பொறையும். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு காரணங்களுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறோம்.

"எலும்பு எலும்பைத் தூக்குமா?"

வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி. அங்கே ஜெரோம் என்று ஒருவர். முப்பது வயது இருக்கும். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கை காலை அசைக்கச் சொல்லி எண்ணும்போது அவர் வாயில் தமிழ் வராது. "ஆன்... தெ... த்ருவா" என்றுதான் வரும். என் கணவருக்கு அதைக் கேட்டால் மட்டும் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும்.

விழுந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார். முள்ளைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணனும் சாப்பிடறதில்ல, அக்காவும் சாப்பிடறதில்ல. எலும்பு எலும்பைத் தூக்குமா?"

"சார், நான் தூக்கணும். வேற யாரும் வேணாம். முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

"முடியும்" என்றார் யோசிக்காமல். "ஆனா நாலு மாசம் ஆவும். கையை மட்டும் பழக்கினா பத்தாது. சாப்பாடு, தூக்கம், மூச்சு, மனசு, எல்லாம் சேந்துதான் பலம். ஒண்ணு கொறஞ்சா மத்ததெல்லாம் நொண்டும். ஒத்துக்கறீங்களா?"

"ஒத்துக்கறேன்."

"அண்ணே, நீங்க?"

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சாப்பிட்டா கனம் ஏறும். அவதான் தூக்கணும்."

"ஏறட்டும்" என்றேன். நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. "நீங்க சாப்பிடுங்க. கனம் ஏறட்டும். அது என் பாடு."

உடம்பு தாங்காதவள்

இப்போது எழுதும்போது தைரியசாலி மாதிரித் தெரிகிறது. உண்மை அப்படி இல்லை.

சின்ன வயதிலிருந்தே பலமில்லாதவள் என்பது எனக்கு இன்னொரு பெயர் மாதிரி. பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியடுக்கு மணி அடித்தால் நான் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவேன். மற்றவர்களின் செருப்புகளையும் ரிப்பன்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. "இவளுக்கு உடம்பு தாங்காது டீச்சர்" என்று அம்மா ஒருமுறை வந்து சொன்னதுதான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை.

எனக்கும் அது வசதியாக இருந்தது. தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம், கல்யாண வீட்டில் அண்டா நகர்த்த வேண்டாம். வேலைக்கு வந்த பிறகு நாள் முழுக்க நாற்காலி. என் உடம்பிலேயே பலமான பாகம் பத்து விரல்கள்தான்.

ஜெரோம் முதல் நாள் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னார். பத்து தடவை. ஆறாவது தடவையில் தொடை நடுங்கியது. ஏழாவதில் உட்கார்ந்துவிட்டேன்.

"இவ்ளோதான் சார் என் உடம்பு."

"இது இன்னைக்கு உடம்பு" என்றார். "நாளைக்கு ஏழு பண்ணுங்க."

மறுநாள் ஏழு செய்தேன். எட்டாவதற்கு முயன்று சுவரைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மறுநாள் எட்டு.

அவர் சொன்னதையெல்லாம் ஆபீசில் டைப் அடித்து வீட்டுக் கதவில் ஒட்டினேன். காலை: ஸ்டூல். பிறகு அரிசி சிப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டூல். மாலை: தரையில் படுத்து, வயிற்றின்மேல் துவரம்பருப்புப் பாக்கெட்டை வைத்து மூச்சு. பாக்கெட் ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு அசையக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கடற்கரைச் சாலையில் ஒரு நடை.

"ஆபீஸ் ஆர்டர் மாதிரி இருக்குது" என்றார் கணவர் கட்டிலிலிருந்து. "கீழ சீல் வெக்கலியா?"

தூக்கத்துக்கும் ஜெரோம் ஒரு வழி சொன்னார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் எழுந்து கணவரைத் திருப்பிப் படுக்க வைப்பேன். கட்டில் சட்டத்தில் ஒரு பழைய வேட்டியை முறுக்கிக் கட்டச் சொன்னார் ஜெரோம். அதைப் பிடித்துத் தானே திரும்பிக்கொள்ளப் பழகினார் என் கணவர். மூன்றாவது வாரம் நான் ஒரே தூக்கமாக ஆறு மணி நேரம் தூங்கினேன். விழித்தபோது எந்த வீட்டில் இருக்கிறேன் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

பூங்காவனத்தின் அன்னக்கூடை

சனிக்கிழமை தோறும் பெரிய மார்க்கெட்டுக்குப் போவேன். நெத்திலி வாங்கச் சொல்லியிருந்தார் ஜெரோம். முள்ளோடு தின்னக்கூடிய மீன், எலும்புக்கு நல்லது என்று.

மீன் பக்கம் எனக்கு என்றைக்குமே அவசரம்தான். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, வாங்கியதும் ஓடிவந்துவிடுவேன். அன்று நின்றுவிட்டேன்.

ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். தரையில் இருந்த அலுமினிய அன்னக்கூடை நிறைய மீனும் ஐஸும். சுற்றிலும் ஆள் இருந்தும் யாரையும் கூப்பிடவில்லை. காலை அகட்டி உட்கார்ந்தாள். கூடையை இழுத்து மடியில் ஏற்றினாள், மடியிலிருந்து மார்புக்கு, அங்கிருந்து ஒரே எழும்பலில் தலைக்கு. ஐஸ் தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது.

கூடையோடு போய் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

"இன்னா பாக்கற? மீன் வோணுமா?"

"இல்ல... நீங்க எப்படித் தூக்கறீங்கன்னு பாத்தேன்."

"தோ பார்றா. எதுக்காம்?"

"எங்க வீட்டுக்காரரைத் தூக்கணும். விழுந்துட்டாரு. கால் வரல."

அவள் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. கையைப் பாவாடையில் துடைத்தாள். பாதி காலியான ஒரு கூடையைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"தூக்கு."

"இப்பவா?"

"பின்ன? பாத்தா வந்துடுமா?"

குனிந்தேன். கையை நீட்டினேன். "அய்ய" என்று என் முதுகில் ஒரு தட்டு. "இப்டி எட்டத்துல வெச்சிகினு தூக்கினா உன் இடுப்பு போயிடும். குந்து. கிட்ட இழு. இன்னும் கிட்ட. வயித்தோட ஒட்டணும்."

"நாறும்..."

"நாறட்டும். புருஷன எட்ட நின்னா தூக்குவ?"

இழுத்து அணைத்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீர் புடவையை நனைத்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எழப் பார்த்தேன். முடியவில்லை.

"மூச்ச ஏன் புடிச்சிகினு கீற? தூக்கறப்ப வுடு. வாய்விட்டு வுடு. தரையப் பாக்காத. எங்க போவப்போறியோ அங்க பாரு."

எதிரே இளநீர்க் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தேன். ஹா என்று மூச்சு விட்டேன். தொடை நடுங்க எழுந்து நின்றுவிட்டேன், கூடையோடு. தலைக்கு ஏற்றவில்லை, மார்பளவுதான். ஆனால் நின்றேன்.

"அவ்ளோதான்" என்றாள் அவள். "அடுத்த வாரமும் வா."

பெயர் பூங்காவனம். கனகசெட்டிக்குளத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவள். அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் அவளுடைய கூடைகளைத் தூக்கி வைத்திருக்கிறேன். திரும்பும் டெம்போவில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

முட்டை ஓடு

ஒரு நாள் என் நாத்தனார் வந்திருந்தாள். கணவருக்குத் தங்கை, விழுப்புரம் பக்கம் கட்டிக்கொடுத்தது. சமையலறைத் தட்டில் நாலு முட்டை ஓடு கிடந்தது. கதவில் ஒட்டியிருந்த காகிதத்தையும் படித்துவிட்டாள்.

"எங்கண்ணன் இப்டிக் கெடக்கறாரு. நீ ரெண்டு முட்ட துன்னுட்டு பீச்சுக்குப் போறியாமே அண்ணி?"

அந்தக் கேள்வியை நானே என்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன். அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

கட்டிலிலிருந்து அவர் சொன்னார். "ரெண்டு எனக்கு, ரெண்டு அவளுக்கு. நீ வர்றது தெரிஞ்சிருந்தா ஆறா வாங்கியிருப்பா. ஒக்காந்து சாப்பிடு."

நாத்தனார் சாப்பிட்டாள். போகும்போது, "அண்ணன் கன்னம் கொஞ்சம் தேறியிருக்கு" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். நான் பாத்திரம் கழுவினேன். அன்று ஸ்டூலில் இருபத்தைந்து தடவை.

காதைத் தொடுகிற தோள்

மூன்று மாதம் ஆகிவிட்டது. அரிசி சிப்பம் இருபத்தைந்து கிலோ. அதை அணைத்துக்கொண்டு பதினைந்து தடவை எழுந்தேன். மொட்டை மாடிப் படிகளில் அதோடு ஏறி இறங்கினேன். ஆனால் அவரைத் தூக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெரோமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முயன்று பார்ப்போம். நான் எதிரே நின்று, என் முழங்காலால் அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கையைக் கோத்து, அவரை முன்னால் சாய்த்து எழுப்ப வேண்டும். எழுந்ததும் அப்படியே திருப்பி நாற்காலியில் இறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுவிடும். ஜெரோம் தாங்கிக்கொள்வார்.

"அக்கா, கணக்குப்படி இது முடியணும்" என்றார் ஒருநாள். "அண்ணன் கையும் இப்ப நல்லா வந்திருக்கு. பாதி அவரே தாங்கணும். ஆனா அண்ணனத் தொட்டதும் உங்க தோள் காதுகிட்ட போயிடுது. பல்லக் கடிக்கறீங்க. அண்ணே, நீங்களும் மரக்கட்ட மாதிரி வெறச்சுக்கறீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னாமோ இருக்குது. அதை என்னால தேய்ச்சு விட முடியாது."

வீட்டில் முருகையன் இறக்கிவிட்டுப் போன பிறகு அவர் கேட்டார்.

"எம்மேல கோவமா?"

"இல்ல."

"விஜயா."

அவ்வளவுதான். எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது. பருப்பு புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே வீசிவிட்டேன். பருப்பு அறை முழுக்கச் சிதறியது.

"அன்னைக்குக் காய்ச்சலோட வேலைக்குப் போவாதீங்கன்னு சொன்னேனே! வாசல்ல வந்து நின்னு சொன்னேனே! ஒரே ஒரு நாள் எம்பேச்சக் கேட்டிருந்தா நீங்க இன்னைக்கு..." அதற்கு மேல் வரவில்லை.

அவர் கட்டிலில் தெறித்த பருப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீ சொன்ன. நான் கேக்கல" என்றார் பிறகு. "இத்தன மாசமா நீ இதக் கேப்பன்னு பாத்துகினே இருந்தேன். துடைக்கற, சோறு போடற, டைப் அடிச்சு ஒட்டற. ஒரு வார்த்த கேக்கல. நீ திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

"அடிபட்டுக் கெடக்கறவர எப்படித் திட்டறது?"

"இப்ப திட்டினல்ல. அப்படித்தான்."

நான் அழுதேனா சிரித்தேனா என்று ஞாபகமில்லை. இரண்டும்தான் போலிருக்கிறது.

"நான் தொட்டா நீங்க ஏன் வெறச்சுக்கறீங்க?"

"அன்னைக்கு உன்மேல விழுந்தேன் பாரு. உன் முழங்கை நிலைப்படியில மோதிச்சே, அந்தச் சத்தம். உன்ன முறிச்சுட்டேன்னு நெனச்சேன். அதுலேந்து நீ கிட்ட வந்தாலே மூச்சு நின்னுடுது."

என் கையை நீட்டி மடக்கிக் காட்டினேன். முழங்கையைப் பிடித்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் திருப்பி, ஸ்விட்ச் பெட்டியைப் பார்ப்பது போல. பிறகு சிதறிய பருப்பைப் பொறுக்கினேன். அவர் கட்டிலிலிருந்து, அந்த மூலையில் கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

அதே வாசல்

மறுநாள் காலை. முருகையனிடம், "இன்னைக்கு நீங்க வெளிய நில்லுங்கண்ணே, கூப்பிட்டா மட்டும் வாங்க" என்று சொல்லியிருந்தேன். அவர் வாசலில் ஆட்டோவைத் துடைக்கிற பாவனையில் நின்றார். ஒரே கண்ணாடியைப் பத்து நிமிஷம் துடைத்தார்.

கட்டிலின் விளிம்புக்கு என் கணவரே நகர்ந்து வந்தார். நான் எதிரே, காலை அகட்டி. கிட்ட, இன்னும் கிட்ட. என் கன்னம் அவர் தோளில். அவர் மூச்சு என் காதில் பட்டது. இரண்டு பேருமாக மூச்சை விட்டோம்.

"எண்ணு" என்றார்.

வாயில் ஜெரோம்தான் வந்தார். "ஆன்... தெ... த்ருவா."

அவர் முன்னால் சாய்ந்தார். நான் பின்னால் சாய்ந்தேன். அவர் எழுந்தார். ஒரு கணம் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம், அவர் என்னைவிட உயரமாக. அவர் உயரமானவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. திரும்பினேன். ஜெரோம் ஏற்பாடு செய்து தந்திருந்த சக்கர நாற்காலியில் இறக்கினேன். அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அங்கே இன்னொரு தடவை எண்ணினோம்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றபோது என் தொடை படபடவென்று ஆடியது. முருகையன் எட்டிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார்.

கோபம் போனதால்தான் தூக்க முடிந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அழகாகவும் இருக்கும். ஆனால் அதில் மூன்று மாத அரிசி சிப்பமும் இருந்தது. நெத்திலியும் முட்டையும் இருந்தன. ஆறு மணி நேரத் தூக்கமும் பூங்காவனம் என் முதுகில் தட்டிய தட்டும் இருந்தன. எதை எடுத்துவிட்டாலும் நாங்கள் மறுபடி தரையில்தான் கிடந்திருப்போம்.

அன்றிலிருந்து அவர் தினமும் வயிறாரச் சாப்பிட்டார். மூன்று வேளை. காக்காய்கள் சில நாள் வந்து பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டன. அவர் ஒரு கிலோ ஏறினால் நானும் சிப்பத்தோடு ஒரு கிலோ சர்க்கரையைச் சேர்த்துக் கட்டிக்கொள்வேன். முன்னறையில் உட்கார்ந்து மின்விசிறி, மிக்சி ரிப்பேர் செய்ய ஆரம்பித்தார். துணி சுற்றிய இரண்டு செங்கல்லைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்து, அதில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பழகச் சொன்னார் ஜெரோம். வேலைக்கு நடுவே அதையும் செய்துகொண்டிருந்தார். நான் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஊரே முடங்கிய மாதம்

அடுத்த வருஷம் சிக்குன்குனியா வந்தது. ஞாபகமிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தது. முருகையன் வீட்டில் ஐந்து பேரும் படுத்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு புதன்கிழமை மதியம் காய்ச்சல் ஏறியது. வியாழக்கிழமை காலை கண் விழித்தால் விரலை மடக்க முடியவில்லை. தலையணையிலிருந்து தலை எழவில்லை. என் உடம்பிலேயே பலமானவை என்று சொன்னேனே, அந்தப் பத்து விரலும் வீங்கிப்போய்க் கிடந்தன.

பக்கத்துக் கட்டிலில் அவர். இரண்டு பேரும் படுத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"யாரையாவது..." என்று ஆரம்பித்தேன்.

"யாரும் வேணாம். நீ அப்டியே படு."

வேட்டியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார். காலை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கீழே போட்டார். சக்கர நாற்காலியை இழுத்து ஒட்டி நிறுத்தினார். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகை. நான் பக்கத்தில் நிற்க, அதில் சறுக்கிப் பழகியிருக்கிறார். தனியாகச் செய்ததே இல்லை.

பாதி வழியில் பலகை நழுவியது. என் வாயிலிருந்து சத்தம் வந்தது, உடம்பு வரவில்லை. அவர் ஒரு கையால் நாற்காலியின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கினார். நரம்பு புடைத்தது. அப்படியே உந்தி, இடுப்பைத் தூக்கி, உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சு வாங்கினார். பிறகு சமையலறைப் பக்கம் சக்கரத்தை உருட்டினார்.

பாத்திரம் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. தீய்ந்த வாசனை வந்தது. கால் மணி நேரம் கழித்து, மடியில் ஒரு கிண்ணத்தோடு வந்தார். ரவைக் கஞ்சி. கறுப்புத் துணுக்குகள் மிதந்தன.

சக்கரத்துக்குப் பிரேக் போட்டார். என் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தார். "கழுத்தப் புடிச்சுக்க" என்றார். விரல்கள் கோக்கவில்லை, மணிக்கட்டை மாட்டிக்கொண்டேன். என்னைத் தூக்கி உட்கார வைத்துத் தலையணையை அண்டக் கொடுத்தார். என் கன்னத்தில் அவர் புஜம் பட்டது. கல் மாதிரி இருந்தது. தினமும் கட்டிப்பிடித்துத் தூக்கியும் அதை நான் பார்க்கவே இல்லை.

இரண்டு கரண்டி குடித்ததும் அழுதுவிட்டேன்.

"எல்லாம் போச்சுங்க. அத்தன மாசம் சேத்ததெல்லாம் ரெண்டே நாள்ல."

"எப்படிச் செய்யறதுன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப திரும்ப செய். இப்ப வாயத் தொற."

பத்து நாள் அவர்தான் எல்லாம். கஞ்சி மெல்ல மெல்லத் தீயாமல் வந்தது. பதினோராம் நாள் காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. மூட்டு வலி விடவில்லை. அவர் முன்னறையில் யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டிருந்தார். கட்டிலருகே ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்.

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அதைப் பிடித்தேன். மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினேன். கொஞ்சம் மார்பில் சிந்தியது. மிச்சத்தைக் குடித்து முடித்தேன்.

பிறகு தம்ளரை நிரப்பித் தரச் சொல்லி, இன்னொரு தடவை தூக்கினேன்.